சிறுகோளார் உறுதி செய்கிறார்

எங்கோ பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிரைக் கக்கும். செயற்கைக்கோள் அதைக் கவனித்து, "ஏறக்குறைய இந்தப் பக்கம்" என்று கைகாட்டும். உடனே தொலைநோக்கியைத் திருப்பிப் படமெடுத்து, பழைய படத்தில் இல்லாத புள்ளி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். நம்மவர் முப்பது வருடமாகச் செய்யும் உத்தியோகம் இதுதான். புள்ளி சீக்கிரம் மங்கிவிடும். முதலில் அறிவித்தவருக்குப் பெயர். அடுத்தவர் வெறுமனே உறுதி செய்தவர்.

இருபது வருடத்துக்கு முன் அவரும் முதல் ஆளாக அறிவித்தார், ஆறே நிமிடத்தில். அந்தப் புள்ளி, தன் பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சிறுகோள் என்று மறுநாள் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் சிறுகோளார். மச்சினன் பிள்ளைகளுக்குக்கூடச் சிறுகோள் மாமா.

ஓய்வு பெற மூன்று மாதமே இருந்தது. அதற்குள் ஒன்றையாவது கண்டுபிடித்தால்தான் இந்தப் பட்டம் கழியும். அந்தச் சமயத்தில்தான், ஒரு நாள் இருட்டியதும் தகவல் வந்தது. முதல் படத்திலேயே, நடுவில், புதிய புள்ளி.

"அனுப்பிடுங்க சார்," என்றார் வானாய்வுக்கூட இயக்குநர் அம்மா.

"இருங்க மேடம். சிறுகோளா இருந்தா நகரும். மூணு படம் எடுத்துப் பாத்துடலாம்."

இரண்டாவது படமும் வந்தது. "அரை மணி நேரமா உங்கள மாதிரியே அசையாம உக்காந்திருக்கு சார்."

சூடுபட்ட பூனை பாலை ஊதிக்கொண்டே இருந்தது. மூன்றாவது படத்தில் புள்ளி நகரவில்லை; முறைப்படி மங்கியிருந்தது. அறிவிப்பைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள், உலகத்திலேயே பெரிய தொலைநோக்கிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் சொன்ன புள்ளி வேறு. அதுவும் நம்மவர் படத்தின் மூலையில் இருந்தது.

அவ்வளவு பெரிய தொலைநோக்கிக் கண்ணாடி பொய் சொல்லுமா? தம் புள்ளியை மூன்று முறை சோதித்த மனிதர், அவர்கள் புள்ளியை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, "அவர்கள் கண்டது சரியே, நாங்களும் காண்கிறோம்" என்று பணிவோடு அனுப்பினார்.

காலையில் பெரியவர்களின் புள்ளி நகர்ந்திருந்தது. சிறுகோள். நடுவில் இருந்ததுதான் அசல் என்று மூன்றாவதாக ஒரு குழு அறிவித்துப் பெயர் வாங்கியது.

பிரிவு உபசார நாளில் இயக்குநர் அம்மா, போன வாரமே நம்மவருக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை வாசித்தார். இக்கட்டான வேளையில் தோள் கொடுத்ததற்கு நன்றியாக, பெரிய தொலைநோக்கிக்காரர்கள் தாங்கள் எப்போதோ கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு நம்மவர் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி காதருகே குனிந்தாள்.

"ஏங்க, அது உண்மையிலேயே சிறுகோள்தானா? பாத்தாச்சா?"

"மூணு படம் எடுத்துப் பாத்தேன்," என்றார் அவர். "நகருது."