சிஞ்ஞோரும் வளைவு சொன்னவரும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், பிழை வரும், சில விசயம் மறந்தும் போச்சு. வேலை செய்த கதை எழுதித் தரும்படி எங்கள் கோயில் மலரைப் புத்தகமாய்ப் போடுகிற பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மொண்டெல்லோ வீடு

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் என் கடைசி வேலை மொண்டெல்லோ என்ற கடற்கரைப் பகுதியில், தனியாக இருந்த ஒரு ஜெர்மன்காரர் வீட்டில். சமையலும் துப்புரவும். சிஞ்ஞோர் (ஐயாவை இத்தாலியனில் அப்படித்தான் கூப்பிடுவோம்) இளமையில் ராலி என்ற கார்ப் போட்டிகளில் ஓட்டியவர். முதல் நாள் அவர் வென்ற கப்புகளைத் துடைக்கப் போனேன்.

"அதுகளை விடுங்கோ மேரி, தூசு பிடிக்கட்டும்" என்றார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

ராலிக் காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருக்கும் நவிகேட்டர் அடுத்து வரும் வளைவை முன்கூட்டியே சொல்வார். ஓட்டுகிறவர் வாய் திறப்பதில்லை, கேட்பது மட்டும்தான். சிஞ்ஞோருக்குப் பல வருசம் ஒரே நவிகேட்டர். ஒரு மலைப் போட்டியில் கார் உருண்டது. நவிகேட்டருக்குக் காலில் அடி, பிறகு நொண்டித்தான் நடந்தார். அவர் வளைவைப் பிழையாகச் சொன்னார் என்று சிஞ்ஞோர் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். அதன்பின் அந்த மனுசனை ஒருவரும் தங்கள் காரில் ஏற்றவில்லை. சிஞ்ஞோர் வேறு ஆளோடு ஓடி இன்னும் கப்புகள் எடுத்தார்.

2. வந்தவர்

ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் சிஞ்ஞோர் வந்து நின்றார்.

"என்ர பழைய நவிகேட்டர் என்னைப் பார்க்க வாறான் மேரி. கார் உருண்ட அண்டைக்கு அவன் சரியாத்தான் சொன்னவன். எனக்கு வடிவா, தெளிவாக் கேட்டது. நான்தான் பிறேக் அடிக்கேல்லை. மன்னிப்புக் கேக்கவேணும்."

"ஓம் சிஞ்ஞோர், வந்த உடனை கேளுங்கோ."

வந்தவர் பகிடிக்காரர். என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணீர் வடிய, "சிஞ்ஞோரா, இவன்ர கார் ஓட்டத்தை விட உங்கட சமையல்தான் ஆபத்து" என்றார். சிஞ்ஞோரும் சிரித்தார். மன்னிப்புக் கதையை எடுக்கவேயில்லை. அவர்கள் தனியாகக் கதைக்கட்டும் என்று நான் கதவைச் சாத்திவிட்டு, வேண்டுமென்றே நேரமெடுத்துக் கோப்பியைச் சுணக்கினேன். கொண்டுபோனபோது மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னீங்களோ?" என்று சிஞ்ஞோரின் காதில் மெதுவாகக் கேட்டேன்.

"காரிலை சொல்லுறன்."

அவரை விமான நிலையத்தில் விடப் புறப்பட்டபோது, அங்கே பெட்டி தூக்க நானும் காரில் பின்னால் ஏறினேன். சிஞ்ஞோர் பெருந்தெருவை விட்டு மலைப்பாதையில் திருப்பினார். உடனே மற்றவர் பழைய நாள் போல வளைவு சொல்லத் தொடங்கினார். குறுக்கே ஆடுகள் வர, "மாமியார் கூட்டம் வருது, மெதுவா!" என்று எனக்கும் விளங்க இத்தாலியனில் கத்தினார். சிஞ்ஞோர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இறங்கியதும் கட்டிப்பிடித்தார்கள். அவ்வளவுதான்.

பிறகு வந்த தவக்காலத்தில் அந்த நவிகேட்டர் செத்துப்போன செய்தி வந்தது. சிஞ்ஞோர் அவருடைய மனைவிக்கு ரெலிபோன் எடுத்தார். வைத்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார்.

"என்னவாம் சிஞ்ஞோர்?"

"நான் எல்லாத்தையும் சொன்னன். அவருக்கு அது தெரியும்தானே எண்டு அவ சொன்னா. நீங்கள் வாய் திறந்து சொல்லுவீங்கள் எண்டு நம்பித்தானாம் அந்தக் காலோட அவ்வளவு தூரம் வந்தவர்."

மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்க்கக்கூடாது. ஆள் முன்னால் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அந்த வீட்டில் நான் படித்தது இதுதான்.

ராலி தெரிந்த பிள்ளைகள் யாராவது இதை ஒருக்கால் பார்த்துத் திருத்துங்கள். கார் விசயங்களை மாற்றி எழுதியிருப்பேன். நவிகேட்டரில் பிழை இல்லை என்ற இடத்தை மட்டும் தொடவேண்டாம். அதை நான் சிஞ்ஞோர் வாயாலேயே கேட்டேன்.