பின்னால் கேட்ட ஹார்ன்

போன வாரம் பிளெய்ன்ஸ்பரோ சிக்னலில் என் கார் ஒரு அமெரிக்க அம்மாவை இடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹார்ன் கதை தெரியாது.

இந்த ஊரில் சிவப்பு விளக்கிலும் முழுதாக நிறுத்தி, பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். நிறுத்தினேன். கார் ஏதும் வருகிறதா என்று இடப்பக்கமே பார்த்தபடி மெல்ல நகர்ந்தேன். பின்னாலிருந்து நீளமாக ஒரு ஹார்ன்.

மெட்ராஸ் புத்தி. வழியை மறிக்கிறோம் என்று பதறிப்போய்ச் சட்டென்று திரும்பினேன். வலப்பக்கத்திலிருந்து நடந்து வந்தவருக்குக் கை முறிந்தது.

'எப்படி நடந்தது?' என்று இன்ஷூரன்ஸ் ஃபார்மில் கேட்டிருந்தார்கள். "பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்து அவசரப்படுத்தியது" என்று எழுதி, இன்று காலைதான் தபாலில் போட்டேன்.

சாயங்காலம் லாண்டரி ரூமில், எங்கள் பில்டிங் லலிதா ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கு உன் பின்னாடி நான்தான்பா இருந்தேன். டியூட்டிக்கு லேட்டுன்னு நிக்காம போயிட்டேன். மனசே சரியில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் ஆன்ட்டி அப்படி ஹார்ன் அடிச்சீங்க?"

"அந்தம்மா ரோட்டுல இறங்கிட்டாங்க. நீ அந்தப் பக்கமே பாக்கல. நில்லுன்னுதான்பா அடிச்சேன்."

காலையில் தபாலில் போட்ட ஃபார்ம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இன்ஷூரன்ஸ்ல கேட்டா நான் வந்து சாட்சி சொல்லட்டுமா?" என்றார், உண்மையான அக்கறையோடு.

யாருக்குச் சாட்சி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தபால் பெட்டியில் போட்ட கவரைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?