மின்னடுப்பு கெட்ட ஐந்து வாரம்

எங்கள் ஆய்வகக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது: "மாத்தே குடிப்பவர்கள் குடுவையையும் ஃபிளாஸ்க்கையும் வெளியே வைத்துவிட்டு வரவும். யாருக்கும் விலக்கில்லை." எழுதியவள் சுல்மா எட்செவெரி. மாத்தே எங்கள் ஊர் மூலிகைத் தேநீர்; ஃபிளாஸ்க்கில் வெந்நீரைச் சுமந்துகொண்டே நாள் முழுக்கக் குடிப்போம். மொண்டேவிடியோவில் ஒருவன் அக்குளில் இடுக்கிய ஃபிளாஸ்க்கை இறக்கச் சொல்வது, கையைக் கழற்றி வைக்கச் சொல்வதற்குச் சமம். ஒருமுறை மறந்துபோய் உள்ளே கொண்டுவந்த என்னை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். நான் அங்கே அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். அவள் எனக்கு மூத்தவள். இருபத்தாறு வருடமாக அவள் நோட்டில் எழுதியதை யாரும் சரிபார்த்ததில்லை. அவளுக்கிருந்த பெருமை அது ஒன்றுதான்.

படிகம் வளர்ப்பது சுல்மாவின் வேலை. நிக்கலும் கோபால்ட்டும் கரைந்த உப்புநீரில் ஒரு கரிம அமிலத்தைச் சேர்த்து, ஆறு மணி நேரம் மின்னடுப்பில் சூடு ஆறாமல் வைப்பாள். சல்லடை மாதிரி ஓட்டை நிறைந்த உலோகக் கரிமச் சட்டகம் விளையும். அதைத் தனி உலையில் காற்றுப் படாமல் சுட்டால் கரும்பொடி. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, யானைவிலை உலோகங்களுக்குப் பதிலாக அந்தப் பொடி வினையூக்கியாக நிற்கவேண்டும். எங்கள் மாணவன் லெயாந்த்ரோவின் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

மார்ச்சில் மின்னடுப்பு செத்தது. புது உறுப்பு பிரேசிலிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. "மூணாம் மாடி அடுப்பில வெச்சுக்கறேன்" என்றாள் சுல்மா. அந்த ஐந்து வாரத்தில் வந்த மூன்று பொடிகளும் பிரமாதம். நாங்கள் இனிப்பு ரொட்டி வாங்கிக் கொண்டாடினோம். அடுப்பு சரியான பிறகு அதே கணக்கில் செய்ததெல்லாம் சவம். நான்கு முறை செய்து பார்த்தாயிற்று.

பேராசிரியர் பெயாத்ரிஸ், லெயாந்த்ரோவை எங்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார். "உண்மையைச் சொல்லு, அளந்த எண்களைக் கொஞ்சம் அழகு பண்ணிட்டியா?"

அவன் முகம் வெளிறிப்போனது. "நான் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்று மட்டும் சொன்னான். சுல்மா தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை அவள் கதவைத் திறந்து வந்தாள், அக்குளில் ஒரு பழைய எஃகு ஃபிளாஸ்க்கோடு! என் நாக்கு சும்மா இருக்குமா?

"வேலியே பயிர மேயுது, பாருங்க எல்லாரும்!"

"வாய மூடு நெல்சா" என்றாள். ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். "பெயாத்ரிஸ், கொஞ்சம் நில்லுங்க. மூணாம் மாடிக்கு நான் போகவே இல்ல. அங்க எப்பப் பாத்தாலும் வரிசை. உப்புநீரைக் கொதிக்கவெச்சு இதுலதான் ஊத்தி வெச்சேன். ஆறு மணி நேரம் சூடு ஆறாதுன்னு நம்ம ஊர்ல யாருக்குத்தான் தெரியாது? நோட்டுல பொய் எழுதிட்டேன். கதவுல அந்த அட்டைய மாட்டிட்டு எப்படிச் சொல்றது? அந்தப் பையன் ஒண்ணும் பண்ணல."

பெயாத்ரிஸ் ஃபிளாஸ்க்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அடியில், பற்றவைத்த இடத்தில், துரு. உப்புநீரின் புளிப்பு அதைச் சுரண்டியிருக்கிறது. நான் பழைய பொடியைக் கருவியில் வைத்தேன். இரும்பு! தாராளமாக.

அடுத்த வாரம் லெயாந்த்ரோ கோபால்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிக்கலோடு இரும்பு உப்பைக் கண்ணாடிப் புட்டியில் கலந்து, சரியான அடுப்பிலேயே வைத்தான். பழைய மூன்றையும் விட நன்றாக வேலை செய்தது. கோபால்ட் விலைக்கு இரும்பு தூசு. பெயாத்ரிஸ் அவன் தோளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவன் நேரே போய் சுல்மாவைக் கட்டிக்கொண்டான். அவள் "விடுடா, கையில அமிலம் இருக்கு" என்று அதட்டினாள்.

அன்று மாலை அவள் மார்ச் மாதப் பக்கங்களைத் திறந்து, மூன்றாம் மாடி என்றிருந்ததை ஒற்றைக் கோட்டால் அடித்து, "ஃபிளாஸ்க்கில் வைத்தது. பொய் எழுதியது என் தவறு" என்று தேதியோடு கையெழுத்துப் போட்டாள்.

பெயாத்ரிஸ் எட்டிப் பார்த்தார். "நல்லதாத்தானே முடிஞ்சுது சுல்மா? அந்தக் கடைசி வரி எதுக்கு? அடிச்சிடுங்க."

"நல்லதா முடிஞ்சது இரும்பு செஞ்ச வேலை" என்றாள் சுல்மா. "நோட்டு என்னோடது. அந்த வரி இருக்கட்டும்."

மூன்று பக்கத்திலும் அதையே எழுதிவிட்டு, மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தாள்.