பெரிய கோயிலில் இல்லாத சுரங்கம்

வழிகாட்டி வேலையில் கால் வலியைத் தாங்கிவிடலாம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லச் சொல்வார்களே, அதைத்தான் தாங்க முடியாது. நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

நான் வரலாறு படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். தம்பியின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடவேண்டும். வடசேரியில் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். வேனில் வருகிறவர்களுக்குப் பழைய கத்தோலிக்கப் பேராலயத்தைச் சுற்றிக் காட்டவேண்டும்.

சிலுவை போடாதவள்

நாங்கள் வேறு சபை. எங்கள் கோயிலில் முழந்தாளிட்டுச் சிலுவை போடும் வழக்கம் கிடையாது. முதல் நாள் நான் அப்படியே உள்ளே நடந்ததை வேனில் வந்த ஓர் அம்மா பார்த்துவிட்டார். இந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன உரிமை என்று கேட்டார். தூண்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதைச் சொல்ல உரிமை உண்டு என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டார்.

“சரி, படிச்சதச் சொல்லு ஏட்டி. கும்பிடுகத நான் பாத்துக்கிடுகேன்.”

பூட்டிய கதவு

பீடத்துக்குப் பக்கத்தில் பூட்டிய சின்னக் கதவு ஒன்று உண்டு. அது பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சுரங்கம் என்று எங்கள் வேன் டிரைவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டேன். விளக்குமாறு வைக்கிற அறை என்றார். அதையே நானும் எல்லாரிடமும் சொன்னேன்.

முதலாளி கூப்பிட்டார். மற்ற வேன்காரர்களின் சுரங்கத்தில் ராஜா குதிரையிலேயே போகிறாராம். நானும் சொல்லவேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிடவேண்டும்.

“பொய்யின்னு ஏன் நெனைக்கே மக்கா? சுவாரசியம்னு நெனச்சுக்கோ.”

சாவி

அடுத்த சனிக்கிழமை கொட்டாரம் ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க முதலாளியும் பின்னால் வந்து நின்றார். குடும்பத்துப் பெரியவர் சுரங்கம் எங்கே என்று கேட்டார். வாயால் சொல்லாமல், கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கிவந்து கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு விளக்குமாறு, ஒரு வாளி, உருகிய மெழுகுவர்த்தி நிறைந்த ஒரு தகர டின்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி, மெதுவாக. வரமாட்டேன், ஆனால் இங்கே சுரங்கமும் இல்லை என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. பெரியவர் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

“இம்புட்டுப் பெரிய கோயிலக் காட்டியாச்சு. இனி ஓட்டையும் காட்டணுமாவே?”

வேலை போய்விட்டது, சுரங்கம் வேனுக்கு வேன் நீண்டுகொண்டே போகிறது, நானும் அதே கோயில் வாசலில் நின்று, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.