முதுகில் ஒட்டிய இலக்கம்

அன்று டீசேர்ட் அச்சடிக்கிற கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கங்காணி, கடைக்காரர். கங்காணியும் பாதி நேரம் வாசலில் நின்று லொறிக்காரர் ஒருவருடன் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைகளைப் போடப்போகிற பன்னிரண்டு பேரில் ஒருவரும் வரவில்லை. காலையில் களஞ்சியத்துக்குச் சீமெந்து வந்திருந்தது. என் வாப்பாவும் அங்கேதான் நின்றார்.

களஞ்சியம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. லொறிகளில் சீமெந்துப் பைகளை ஏற்றுவதும் இறக்குவதும் வாப்பாவின் கூட்டத்தின் வேலை. அவர்கள் அதைச் 'செட்' என்பார்கள். செட்டுக்கு ஆள் எடுப்பவரும் ஆளை நிறுத்துபவரும் கங்காணி. களஞ்சியத்துக்குப் புதிதாக வந்த முகாமையாளர் ஓர் உத்தரவு போட்டார். முதலாம் திகதியிலிருந்து எல்லோரும் ஒரே நிற டீசேர்ட் போட வேண்டும், முதுகில் ஆளுக்கொரு இலக்கம் இருக்க வேண்டும், இலக்கம் தெரியாதவரைக் காவலாளி உள்ளே விடமாட்டார். உள்ளே போகாதவருக்கு அன்றைய கூலி இல்லை. வாப்பாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிழமை வீட்டில் நின்றால் அவருடைய இடத்துக்கு வர இளம் பொடியன்கள் தயாராக இருந்தார்கள்.

"ஒங்கட மகன் படிச்ச புள்ள. அவரே பாத்துச் செய்யட்டும்" என்று கங்காணி வாப்பாவிடம் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை போன முதல் ஆள் நான். செட்டின் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். கேட்க வேண்டிய கேள்விகளைக் கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டு குறிஞ்சாக்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன்.

கடைக்காரர் மேசையில் மூன்று மாதிரிகளைப் பரப்பினார். முதலாவது ஸ்க்ரீன் பிரிண்ட். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அடிப்பது. இரண்டாவது ஸ்டிக்கர். இலக்கத்தைத் தனியாக வெட்டி, சூட்டு மெஷினில் அமத்தி ஒட்டுவது. மூன்றாவது நூலால் தைக்கிற எம்ப்ரொய்டரி.

"ஸ்க்ரீன் எண்டால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சட்டம் வேணும் தம்பி. பூச்சியத்திலயிருந்து ஒன்பது வரைக்கும் பத்துச் சட்டம். நூறு சேர்ட் அடிக்கிறவைக்குக் கட்டும். பன்னிரண்டுக்குக் கட்டாது."

"ஸ்டிக்கர் கழுவினால் போகுமா?"

"முறையா ஒட்டினால் போகாது."

"வெயிலுக்கு?"

"வெயிலுக்கும் நிக்கும்." பிறகு அவர் ஒன்று கேட்டார். "உங்கட ஆக்கள் மூட்டையைத் தோளிலயோ தூக்கிறவை, முதுகிலயோ?"

என் கொப்பியில் அந்தக் கேள்வி இல்லை. வீட்டில் உம்மா எண்ணெய் தடவுவது வாப்பாவின் தோளுக்குத்தான். அதைத்தான் நான் பார்த்திருந்தேன். அவர் வேலை செய்வதை ஒரு நாளும் பார்த்ததில்லை. சின்ன வயதில் கூட்டிப்போகச் சொன்னபோதெல்லாம் "நீ பள்ளிக்குப் போ" என்பார்.

"தோளில" என்றேன்.

"அப்ப பிரச்சினை இல்லை" என்றார் கடைக்காரர்.

கங்காணி உள்ளே வந்து, "நம்பர் பெருசாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாதிரிக்கு ஒன்றை ஒட்டி வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் சோதித்தேன். சவர்க்காரம் போட்டுக் கல்லில் தேய்த்தேன், உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன், தகரக் கூரையில் காயப் போட்டேன். "ஒன்ட ஒடம்புக்கு ஒரு நாளாவது இப்படித் தேச்சுக் குளிச்சிரிப்பியா?" என்று உம்மா கேட்டார். இலக்கம் அசையவில்லை. ஸ்க்ரீனைவிட எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஸ்டிக்கர் என்று முடிவு சொன்னேன்.

முதல் நாள் பன்னிரண்டு பேரும் வாசலில் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். கடும் நீலத்தில் வெள்ளை இலக்கம். வாப்பாவுக்குப் பதினொன்று.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கே வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். முதுகில் ஒரேயொரு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"வாசல் வோச்சர் கேக்காரு, ஒண்டாம் நம்பர் அப்பயே உள்ளுக்குப் பெய்த்தாரே, நீங்க எந்த ஒண்டெண்டு" என்றார் வாப்பா. சிரிக்கவில்லை. இன்னும் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒருவருடைய எட்டு மூன்றாகியிருந்தது, மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் பேனையால் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் வியர்வையில் அதுவும் போய்விட்டது.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கங்காணி மோட்டார் சைக்கிளில் வந்து உம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தச் சட்டையத் தாங்க. கடையில குடுத்துத் திரும்ப ஒட்டி எடுப்பம். எங்கட பொடியன் ஒருத்தன் இரிக்கான், ரெண்டு நாளைக்கு நிக்கட்டும்."

"ஒட்டி எடுக்கிறதெண்டா இவரே போட்டுட்டுப் போவாரே" என்றார் உம்மா.

கங்காணி கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"சட்டை ஈரம். காயல்ல" என்றார் உம்மா. அது கொடியில் மொறமொறவென்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கங்காணியும் அதைப் பார்த்தார். தேநீர் குடிக்காமலே போய்விட்டார். சட்டை இல்லாததால் அந்தப் பொடியனையும் வாசலில் விடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மறுநாள் நான் களஞ்சியத்துக்குப் புறப்பட்டேன்.

"நீ என்னத்துக்கு அங்க?" என்றார் வாப்பா.

"பாத்துட்டு வாறன்."

"பாக்க என்ன இரிக்கு?"

வாசலில் காவலாளி என்னை நிறுத்தவில்லை. கையில் கோப்பு இருந்ததால் அலுவலகத்து ஆள் என்று நினைத்திருக்கலாம். உள்ளே ஒரு லொறி நின்றது. அதன் பின்பக்கத்தில் ஒவ்வொருவராக முதுகைத் திருப்பிக் குனிந்தார்கள். மேலே நின்றவர் பையைத் தள்ளி, கழுத்துக்குக் கீழே முதுகின் குறுக்காக வைத்தார். ஆலைச் சூடு ஆறாத பைகள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சணல் சாக்கு. அதன் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துச் செருகி முக்காடு போலப் போட்டிருந்தார்கள். மிச்சச் சாக்கு முதுகு முழுவதும் தொங்கியது. இலக்கம் அந்தச் சாக்குக்குள் இருந்தது. பை அதன்மேல் இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் சாக்கு முதுகைத் தேய்த்தது.

ஒன்றாம் இலக்கக்காரர் என்னைக் கண்டுவிட்டார். எங்கள் தெருவில்தான் வீடு, எதற்கும் பகிடி விடுகிறவர்.

"வாங்க இஞ்சினியர்! நம்பர் தொலஞ்சி பெய்த்தெண்டு தேடுறீங்களா? இந்தா, ஒண்டும் தொலயல்ல." சாக்கைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். வெள்ளைத் துண்டுகள் சணலில் அங்கங்கே ஒட்டிக் கிடந்தன. "சட்டையில ஒட்ட ஏலாட்டி என்ன, சாக்குல நல்லா ஒட்டியிரிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வாசலுக்கு வந்து காவலாளி எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று பார்த்தேன். உள்ளே வருகிறவர்களுடைய முகத்தைப் பார்த்தபடிதான் நின்றார். முதுகைக் காட்டச் சொல்லி ஒவ்வொருவரையும் திருப்பிக்கொண்டிருந்தார். முகாமையாளரிடம் போய், இலக்கம் நெஞ்சில் இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"முதுகெண்டு ஏன் போட்டனாங்கள்?" என்று அவர் பக்கத்து மேசையில் இருந்த எழுதுவினைஞரைக் கேட்டார். எழுதுவினைஞருக்கும் தெரியவில்லை. "எனக்கு நம்பர் தெரிஞ்சாக் காணும். திங்கட்கிழமைக்குள்ள செய்யுங்கோ" என்றார்.

இரண்டாம் முறை கடைக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கங்காணியும் வந்தார். எம்ப்ரொய்டரி பலமானது என்று நான் சொன்னேன். வாப்பா மாதிரியைத் திருப்பி, உட்பக்கத்து நூல் முடிச்சுகளைக் கழுத்தில் வைத்து இரண்டு தரம் தேய்த்தார். "வேர்வையும் சீமெந்தும் சேந்தா இது அரக்கும்" என்றார். பிறகு ஸ்க்ரீன் பிரிண்டை நகத்தால் சுரண்டினார். மை துணிக்குள் இறங்கியிருந்தது, நகத்துக்கு ஒன்றும் வரவில்லை.

"இது காணும்" என்று அதையே எடுத்து வைத்தார்.

கங்காணிக்குப் புதுச் சட்டை எடுக்க விருப்பம். அளவுகளைத் திரும்ப எழுதலாம் என்றார். நான் பழைய சட்டைகளிலேயே முன்பக்கம் அடிக்கலாம், செலவு குறையும் என்றேன். அது உண்மைதான். பதினோராம் சட்டை வாப்பாவின் அளவு, கங்காணி நினைத்திருந்த பொடியனுக்கு நெஞ்சு கொள்ளாது என்பதை நான் சொல்லவில்லை. கங்காணி அளவு எழுத எடுத்த பேனையைப் பைக்குள் செருகினார்.

"சரி, பழசிலேயே அடிங்க."

இலக்கத்துக்கு மேலே செட்டின் பெயரும் வேண்டும் என்றார். கடைக்காரர் சட்டங்களுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தோளில எண்டுதானே தம்பி சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன். வாப்பா சுவரில் தொங்கிய தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை நெஞ்சில் பதினொன்றோடு அவர் உள்ளே போனார். காவலாளி திரும்பச் சொல்லவில்லை.

கங்காணியின் கணக்கில் சட்டை, ஸ்டிக்கர், பத்துச் சட்டம், செட்டின் பெயருக்கு இன்னொரு சட்டம், அடித்த கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்து முந்நூறு ரூபாய். பன்னிரண்டு பேரும் பிரித்துக் கட்டினார்கள். நாலு பேர் ஐந்து நாள் வீட்டில் நின்ற கூலி, நாளுக்கு மூவாயிரம், அந்தக் கணக்கில் இல்லை. அதையும் சேர்த்தால் தொண்ணூறாயிரத்து முந்நூறு ரூபாய்.