வரத்துக்கால்வாய்மேல் வீடு

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காபி போட்டேன். ஆறு பத்துக்கு ஏரிக்கரைக்குப் போய் மதகுப் படிகளை எண்ணினேன். நீருக்கு மேலே மூன்று தெரிந்தன. நோட்டில் ‘3’ என்று எழுதினேன்.

ஆறு வருடமாக, ஊரில் இல்லாத நாட்கள் தவிர, இதைச் செய்துவருகிறேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. மல்லாபூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே எழுதாதது நடக்காதது. எழுதிய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வீட்டு நோட்டிலும் எனக்கு அதே பழக்கம். பக்க எண்களை முதல் நாளே போட்டுவிடுவேன்.

நாங்கள் இருப்பது ஹைதராபாத்துக்கு மேற்கே ஒரு சிறிய ஊர். பெரிய நீர்த்தேக்கத்துக்கு நீர் வரும் பகுதி என்பதால் இங்கே குடியிருப்புகளுக்குத் தடை. அப்படியானால் எங்கள் வீடு எப்படி வந்தது என்று கேட்கலாம். ‘ஃபார்ம் பிளாட்’ என்று விற்றார்கள். ஒரு கிணறும் காவலாளி அறையும் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் இரண்டு மாடி கட்டினோம். எங்கள் வரிசையில் எல்லாருமே அப்படித்தான்.

இப்போது ஏரிக்கு அந்தப் பக்கமுள்ள பச்சை நிலத்தில் ஒரு கம்பெனி வில்லாக்கள் கட்ட அனுமதி கேட்டிருக்கிறது. அவர்கள் அறிக்கைப்படி அது எப்போதும் வறண்ட நிலம். உண்மையில், மதகுப் படி ஒன்றுகூடத் தெரியாத நாட்களில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதற்கு எழுத்தில் உள்ள ஒரே சாட்சி என் நோட்டு. ஆட்சேபம் கொடுக்கத் திங்கள் மாலை கடைசி.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட வராண்டாவில் கூடினோம். எங்கள் பின்சுவரை ஒட்டி செண்டுமல்லி போடும் பெண்தான் எல்லாரையும் அழைத்திருந்தாள். “மேடம் அன்னீ ராசினாரு!” என்று என் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். மேடம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார் என்று அதில் அவளுக்குப் பெருமை.

கம்பெனிக்குத் தன் நிலத்தை விற்கக் காத்திருக்கும் அவள் கொழுந்தன் எழுந்தான். “மேடம் வீடு கட்டியாச்சு, இப்போ கதவைச் சாத்துங்கன்றாங்க. நாங்க சாகிற வரைக்கும் பூப் பறிக்கணும், இவங்க மாடியில நின்னு பச்சையைப் பார்க்கணும். ஹவ்வா? ஆமாவா, இல்லையா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நோட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுத உட்கார்ந்தேன். மூலத்தின் நகலோடு மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று ஆட்சேபம் வாங்கும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எண்பத்து இரண்டு பக்கம் வேகமாகப் போயிற்று. எண்பத்து மூன்றில் இது இருந்தது: ‘2021 பிப்ரவரி 7. பின்பக்க வரத்துக்கால்வாயை மண் கொட்டி மூடினோம். பதினொரு டிராக்டர் லோடு. இனி கார் உள்ளேயே நிற்கும்.’ அதே வருடம் ஜூலையில் இன்னொரு குறிப்பு: ‘பூக்காரப் பெண்ணின் வயலில் தண்ணீர் வடியவில்லை. செடிகளுக்கு வேர் அழுகல்.’ இரண்டும் என் கையெழுத்து. இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை என்று எழுதலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது.

கணவரிடம் காட்டினேன். மாதாப்பூரில் வேலை, ஞாயிறுகளில் டிவி முன்னால் இருப்பார். ஏரிகளை ஒட்டிய வீடுகளை ஜேசிபி இடிப்பதை அந்த டிவியில்தான் நாங்கள் பார்த்திருந்தோம்.

“அந்த ஒரு பக்கத்தை விட்டுடு,” என்றார்.

“நோட்டு முழுசாப் போகணும்.”

“தமிழ்ல இருக்கு. இந்த ஊர்ல அதைப் படிக்கத் தெரிஞ்சது நீயும் நானும்தான். ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?”

“பக்க எண் இருக்கே.”

“நீயே போட்டு நீயே மாட்டிக்கிட்டே. உங்க கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வர்றவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்.” பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “அவங்க கட்டப்போறதைத் தடுக்க, நம்ம வீட்டை இடிக்க நீயே எழுதிக் கொடுக்கிறியா?”

நான் மேஜைக்குத் திரும்பினேன். எண்பத்து நான்கை எழுதினேன், எண்பத்து ஐந்தை எழுதினேன், இருநூற்றுப் பதினொன்று வரை எழுதி முடித்தேன். நடுவில் ஒரு வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. நோட்டைக் கொடுக்காவிட்டால் ஏரி போகும். முழுதாகக் கொடுத்தால் வீடு போகலாம். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுக் கொடுத்தால், அந்தக் கம்பெனியின் அறிக்கைக்கும் என் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கீழே எங்கள் கார் நின்றது. மூடிவிட்டு வந்தேன்.

மாலை ஆறு ஐந்துக்குப் பூக்காரப் பெண் வந்தாள். அடுத்த வாரம் பதுகம்மா பண்டிகை, பூவுக்குக் கிராக்கி. ஆனாலும் எங்களுக்கென்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

“அயிந்தா, மேடம்? முடிஞ்சுதா?”

“ஒரு பக்கம் பாக்கி,” என்றேன், தெலுங்கில்.

“ஒரே ஒரு பக்கமா? ஏன்?”

“கையெழுத்து புரியலை.”

“உங்க கையெழுத்தே உங்களுக்குப் புரியலையா?” விழுந்து விழுந்து சிரித்தாள். “கண்ணாடியை மாத்துங்க மேடம். காலையில வந்து வாங்கிக்கிறேன்.”

அன்றைய குறிப்பில் எழுதினேன்: ‘6.05. பொய் சொன்னேன்.’ கோடு போட்டு அடிக்க அதில் தவறு எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், நோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவள் வயலுக்குப் போனேன். குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். பதினொரு லோடு என்றதும் நிமிர்ந்தாள்.

“எப்புடு? எப்போ?” என்றாள்.

தேதியைச் சொன்னேன்.