சும்மா வந்து பாக்கட்டும்

எங்கள் தெரு நித்யா வேலைக்குப் போன மூன்றாம் நாள், முதலாளி அவள் அம்மாவுக்குப் போன் செய்தார். "பிள்ளைக்கு விருப்பமில்ல போலங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தே இருக்கு."

நித்யாவுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம் உண்டு. ப்ளஸ் டூ முடித்து எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தாள். ஆலங்குடி பக்கத்தில் முந்திரிப்பருப்பு பேக் செய்யும் யூனிட் வைத்திருக்கும் ஜமால் பாயிடம், நான்தான் அவளுக்காகப் பேசியிருந்தேன்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா மல்லிகா, துணியே இல்லாத தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல பெல் அடிச்சா என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும்க்கா. இப்ப பெல் அடிக்கிறது கேஸ் சிலிண்டர்காரர் மட்டுந்தான்."

நித்யாவிடம் கேட்டேன். "ஏம்மா வேலை செய்யல?"

"ஒரு வாரம் சும்மா வந்து பாக்கட்டும்னு பாய் சொன்னாரு. பாத்தேன்."

"என்ன பாத்தே?"

"முழுசு ஒரு தட்டு. ஒடஞ்சது ஒரு தட்டு. செவப்புச் சேலை அக்கா பேசிக்கிட்டே ரெண்டையும் ஒண்ணாப் போடுறாங்க." விரல்விட்டு எண்ணி, "இன்னும் நாலு நாள் பாக்கணும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் எந்த பீரியட் என்ன பாடம் என்று சுவரில் ஒட்டி வைக்கிறோம். படிப்பு முடிந்ததும் "இனி நீயே பாத்துக்க" என்கிறோம். எதை? அதை மட்டும் சொல்வதில்லை.

மறுநாள் மூவரும் ஜமால் பாயிடம் போனோம். என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"யாருக்கும் இப்பிடி எழுதிக் குடுத்ததில்லைங்களே..."

பேனாவோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். முதல் வரி - 'நல்லா வேலை பார்க்கவும்.'

"நல்லான்னா எப்பிடி?" என்றாள் நித்யா.

அந்த வரியை அடித்துவிட்டார். கடைசியில் நான்கு வரி தேறியது. ஒன்பது மணிக்கு உட்கார வேண்டும். முழுப்பருப்பு இடது தட்டில், உடைந்தது வலது தட்டில். சத்தம் அதிகமானால் பத்து நிமிடம் வெளியே போய் உட்காரலாம். புரியாவிட்டால் பாயைக் கேட்கலாம்.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் மற்ற பெண்களும் பாயிடம் வந்தார்கள். "எங்களுக்கும் அந்தப் பத்து நிமிசம் உண்டா பாய்?"

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். போன மாதம் கேட்காமலே அவள் இடத்தை மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே இருந்தாள். மறுநாள் பழைய இடத்தைக் கொடுத்த பாய், தாளில் ஐந்தாவது வரி சேர்த்தார் - 'இடம் மாற்றினால் முந்தின நாளே சொல்லப்படும்.' அது அவருக்கு அவரே எழுதிக்கொண்டது.

சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் நித்யாவைப் பார்த்தேன். தனியாகத்தான் வந்திருந்தாள். மனம் நிறைந்து, "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

"எந்த நாளைக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமை... பதினொரு மணிக்கு" என்றேன்.

சரியாகப் பதினொன்றுக்கு வந்து நின்றாள். நான்தான் இன்னும் குளிக்கவில்லை.